ஈர மாவும் சூடான காற்றும்: ஏர் ஃப்ரையரில் பஜ்ஜி ஏன் வருவதில்லை?

சூடான காற்றை விசிறியால் சுழலவிட்டுச் சமைக்கும் ஏர் ஃப்ரையரில் கட்லெட் நன்றாக வருகிறது, பஜ்ஜி வருவதில்லை. கருவி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே எல்லோரும் கண்டுகொள்ளும் உண்மை இது. ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. பெட்டியோடு வரும் கையேட்டில் உருளைக்கிழங்கு, கோழிக்கால், கேக் என்று படம் போட்டு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று அட்டவணை கொடுத்திருப்பார்கள். கடலை மாவைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

மதுரைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் மாசி வீதிகள், சிம்மக்கல், கீழவாசல் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, உருளைக்கிழங்கு போண்டா, பருப்பு வடை, மேலே பொடி தூவிய முள்ளு முருங்கை வடை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் வீட்டில் கோலா உருண்டை. இந்த ருசியில் வளர்ந்த ஒருவரிடம், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு ‘பொரித்ததைக் குறையுங்கள்’ என்று டாக்டர் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் அக்கறையோடு ஓர் ஏர் ஃப்ரையரை வாங்கி அனுப்புகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதில் முதல் வேலையாகப் பஜ்ஜி போட்டுப் பார்க்கிறார்கள். மாவு கூடையின் ஓட்டை வழியாக ஒழுகி அடித்தட்டில் காய்ந்துபோகிறது. வாழைக்காயின் மேல் வெளுத்த தோல் போல எதுவோ ஒட்டிக்கொண்டு வருகிறது. அத்தோடு கருவி பரணுக்குப் போய்விடுகிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது பிடிபட்டால், மதுரைப் பலகாரங்களில் பாதியை அதில் நல்லபடியாகச் செய்யலாம். மீதிப் பாதிக்கு வடைச்சட்டிதான் சரி என்று மனசாட்சியோடு விட்டுவிடலாம்.

வடைச்சட்டியில் நடப்பது

வாழைக்காய்ச் சீவலை மாவில் தோய்த்துக் காய்ந்த எண்ணெயில் விடும் அந்த நொடியைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? விட்டதும் சீவல் அமிழ்கிறது. உடனே மேலே வருகிறது. அதைச் சுற்றி எண்ணெய் கொந்தளிக்கிறது. ஓரத்தில் சிதறிய மாவுத் துளிகள் சிதறிய இடத்திலேயே இறுகி, பூந்தி போல மிதக்கின்றன. கையில் எடுத்தபோது வழிந்துகொண்டிருந்த மாவு, எண்ணெயைத் தொட்ட சில நொடிகளில் வழிவதை நிறுத்திவிட்டது. பஜ்ஜியின் பக்குவம் முழுவதும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது.

பஜ்ஜி மாவில் எடைக்கணக்கில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை காய்ந்திருக்கிறது. தண்ணீரோ 100 டிகிரியில் ஆவியாகிவிடும். ஆவியானதும் சுமார் 1,600 மடங்கு விரியும். நாம் பார்க்கும் குமிழி எல்லாம் அப்படி வெளியே பாய்கிற நீராவிதான், எண்ணெய் கொதிப்பதால் வருவதில்லை. இதற்கிடையில் மாவிலுள்ள மாச்சத்து 60, 70 டிகிரியிலேயே நீரைப் பிடித்துக்கொண்டு கூழாகிறது. கடலை மாவின் புரதம் இறுகுகிறது. இரண்டும் சேர்ந்து சீவலைச் சுற்றி ஓர் ஓடு உருவாகிறது. உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், எண்ணெயால் எளிதில் உள்ளே நுழைய முடிவதில்லை. வாழைக்காய் தன் ஈரத்திலேயே உள்ளே வேகிறது.

ஓட்டின் மேற்பரப்பில் இருந்த ஈரம் தீர்ந்த பிறகுதான் அது 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். 140 டிகிரியை நெருங்கும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து சிவக்கத் தொடங்கும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மயார் 1912இல் விவரித்த வினை இது. வறுத்த காப்பிக்கொட்டை, தோசையின் முறுகல், பஜ்ஜியின் பொன்னிறம் எல்லாவற்றிலும் இதுவே இருக்கிறது. ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் மாவு உப்புவதோடு சீக்கிரம் சிவக்கவும் செய்கிறது. ஆப்பசோடாவின் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்லை) கூடினால் இந்த வினையும் வேகமாகும்.

கடைக்காரர்களுக்கு இந்த வேதியியல் பெயர்கள் தேவைப்படுவதில்லை. வடை போடும் ஓர் அம்மாவிடம் பக்குவம் கேட்டபோது, “சட்டியில் சலசலப்பு அடங்கட்டும் தம்பி, அதுவரைக்கும் எடுக்கக் கூடாது” என்றார். சலசலப்பு என்றால் நீராவி. அது அடங்கிவிட்டது என்றால் மேல் ஓட்டில் ஈரம் தீர்ந்துவிட்டது, முறுகல் வந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி எதுவும் இல்லாமல் காதாலேயே அளக்கிறார்.

எண்ணெய் குடிக்கும் விஷயத்திலும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பஜ்ஜி சட்டிக்குள் இருக்கும்போது குடிப்பதைவிட, வெளியே எடுத்த பிறகு குடிப்பதே அதிகம். ஆறத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் நீராவி மறுபடி நீராகச் சுருங்குகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் சட்டியின் விளிம்பில் தட்டி, நன்றாக வடியவிட்டுத் தட்டில் போடுகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டால் ஓடு உருவாகவே தாமதமாகும். அப்போதும் எண்ணெய் குடிக்கும். டாக்டர் சொன்னதற்காகக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள், வீட்டில் எண்ணெயை நன்றாகக் காயவைத்துப் போட்டு, சூடாக இருக்கும்போதே வடித்து எடுத்தாலே ஓரளவு பலன் கிடைக்கும். கருவியே தேவையில்லை.

அதே சூடு, ஆனால் காற்று

இப்போது அதே பஜ்ஜியை ஏர் ஃப்ரையரில் வைப்போம். அங்கேயும் 180 டிகிரி என்றுதான் திரையில் காட்டுகிறது. பிறகென்ன குறை?

180 டிகிரியில் ஒரு லிட்டர் எண்ணெய் முக்கால் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதே சூட்டில் ஒரு லிட்டர் காற்று ஒரு கிராம்கூட இருக்காது. சூட்டைச் சுமந்து வந்து பலகாரத்தின் மேல் கொட்ட வேண்டிய பொருள் இவ்வளவு மெலிதாக இருந்தால், கொட்டும் சூடும் அப்படித்தான் இருக்கும். சூடான ஓவனுக்குள் கையை ஒரு கணம் நீட்டிக் கேக் தட்டை எடுக்க முடிகிறது. அதைவிடச் சூடு குறைந்த கொதிநீரில் விரல் நுனி பட்டால் கொப்புளம் வந்துவிடுகிறது. ஏர் ஃப்ரையரில் மின்விசிறி வைத்திருப்பது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். மேலே சிவக்கும் கம்பிச்சுருள்; அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி; சின்ன அறை; ஓட்டை போட்ட கூடை. காற்று வேகமாக மோதும்போது சூடு அதிகம் இறங்கும். சாதாரண ஓவனைவிட இது துரிதமாக வேலை செய்வது அதனால்தான். ஆனால் எண்ணெயின் வேகத்தை எட்ட அதனால் முடியாது.

இதில் ஈர மாவு படும் பாட்டைப் பாருங்கள். ஈரம் உலர்கிற வரைக்கும் அதன் மேற்பரப்பு 100 டிகிரியைக்கூட எட்டாது. ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். எண்ணெயில் நொடிகளில் முடிந்த வேலைக்கு இங்கே பல நிமிடங்கள் ஆகின்றன. மாவு அவ்வளவு நேரம் காத்திருக்காது. வழியும், கூடையில் ஒட்டும், விசிறிக் காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கும். கடைசியில் மிஞ்சுவது காய்ந்த மாவுத் தோல். அது வெளுத்துப்போய் இருப்பதற்கு எண்ணெய் படாததே காரணம். எண்ணெய் ஒவ்வொரு மாவுத் துகளையும் நனைத்து, சூட்டை அதன் இடுக்கெல்லாம் கொண்டுபோகும். மிளகாய்த்தூள், பெருங்காயம் இவற்றின் மணமும் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. எண்ணெய் இல்லாவிட்டால் அவை மாவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. பச்சை மாவு வாசனை போகவில்லை என்று சொல்வதும் இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெய் பஜ்ஜியை எல்லாப் பக்கமும் தாங்கிப் பிடிக்கிறது. கூடையோ அடியில் மட்டும் தாங்குகிறது. ஈர மாவு கம்பியைத் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டால், எடுக்கும்போது பாதி உறை அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் கருவி பிறந்த கதையைப் பார்த்தாலும் இது புரியும். விசிறி வைத்த அடுப்புகளுக்கு முன்னோடிகளில் ஒன்று, 1945இல் அமெரிக்காவில் வில்லியம் மாக்ஸன் செய்த ‘வேர்ல்விண்ட்’ ஓவன். முன்பே சமைத்து உறையவைத்த சாப்பாட்டை ராணுவ விமானத்தில் சூடாக்கிக் கொடுக்க அதைச் செய்தார்கள். இப்போது நம் வீட்டுக்கு வரும் முட்டை வடிவக் கருவி, நெதர்லாந்துக்காரரான ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கி, பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. உருளைக்கிழங்கு விரல்களை மொறுமொறுவென்று எடுப்பதே அதன் முதல் நோக்கம். இரண்டிலும் தோய்த்தெடுக்கும் மாவுக்கு வேலையே இல்லை. ஒன்று ஏற்கெனவே வெந்த பொருளுக்கு, மற்றது தன் மேலேயே மாச்சத்தை வைத்திருக்கும் கிழங்குக்கு. பஜ்ஜியை மனத்தில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை.

ரஸ்க் தூளுக்கு மட்டும் ஏன் இடம் கொடுக்கிறது

கட்லெட்டின் மேல் நாம் ஒட்டும் ரஸ்க் தூளைக் கவனியுங்கள். அது ஏற்கெனவே ஒருமுறை ரொட்டியாக வெந்தது, பிறகு மறுபடியும் பேக்கரி அடுப்பில் காய்ந்தது. அதில் ஈரம் மிகவும் குறைவு. நிறமும் கொஞ்சம் வந்துவிட்டது. எண்ணெயோ காற்றோ அதற்காகச் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். வழிவதற்கு அதில் எதுவும் இல்லை. அதனால் காற்றின் மெதுவான சூடு அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த உறையை மூன்று அடுக்காகப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. முதலில் கட்லெட்டை உலர்ந்த மைதாவில் புரட்டுகிறோம். அது மேலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்து அடித்த முட்டையில், அல்லது சைவம் என்றால் கார்ன்பிளவர் மாவைத் தண்ணீரில் கரைத்த கஞ்சியில் தோய்க்கிறோம், அது பசை. கடைசியில் ரஸ்க் தூள். முதல் அடுக்கை விட்டுவிட்டால் பசை ஈரத்தின் மேல் வழுக்கும், உறை தனியாகக் கழன்று வரும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பேக்கர் 1963இல் அரைத்த கோழிக்கறியில் சின்னத் துண்டுகள் செய்யும் முறையை வெளியிட்டபோது, அவர் தீர்த்துவைத்த பெரிய சிக்கலே இதுதான்: உறைய வைத்தாலும், பிறகு பொரித்தாலும், மேலுறை கழன்றுவிடாமல் நிற்க வேண்டும். இன்று சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் நகெட்ஸ் அந்த வழியில் வந்தவை.

கடையில் வாங்கும் உறைந்த நகெட்ஸ், கட்லெட், உருளைக்கிழங்கு ஸ்மைலி எல்லாம் ஏர் ஃப்ரையரில் அழகாக வருவதைப் பார்த்துவிட்டு, ‘ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அவை தொழிற்சாலையிலேயே எண்ணெயில் அரைகுறையாகப் பொரித்து உறையவைக்கப்பட்டவை. உறை அங்கேயே இறுகிவிட்டது. எண்ணெயும் அங்கேயே ஏறிவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொருட்பட்டியலைப் படித்தால் எண்ணெயின் பெயர் இருக்கும். உப்பும் இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பட்டியலைப் படிக்காமல் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவி நல்லது என்பதற்காக உள்ளே போடுவதும் நல்லதாகிவிடாது.

வீட்டில் செய்யும் கட்லெட்டுக்கும் அதே தந்திரத்தை நாம் கையாளலாம். ஒரு கப் ரஸ்க் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தோசைக்கல்லில் சிறு தீயில் லேசாகப் பொன்னிறம் வரும் வரைக்கும் கிளறி ஆறவிடுங்கள். இந்தத் தூளை ஒட்டிய கட்லெட், 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டால், எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் வரும். எண்ணெய் ஒவ்வொரு துகளிலும் முன்பே ஏறிவிட்டது. காற்று அதைத் தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை. மேலே எண்ணெய் தெளிப்பதைவிட இது பல மடங்கு மேல். தெளிக்கும்போது ஓரிடத்தில் சொட்டும், ஓரிடத்தில் படவே படாது. படாத இடம் மணல் போல உலர்ந்து நிற்கும். அப்படியும் தெளிக்கத்தான் வேண்டும் என்றால் சாதாரண பம்ப் பாட்டில் போதும். அழுத்தம் ஏற்றிய டப்பாவில் வரும் ஸ்பிரேயில் லெசித்தின் போன்ற சேர்க்கைப் பொருள்கள் கலந்திருக்கும். அவை சூட்டில் பிசினாகி, கூடையின் ஒட்டாத பூச்சைக் கெடுத்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம் கவனித்தால் போதும். உறை போட்ட கட்லெட்டைத் தட்டில் அடுக்கிக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் பசை இறுகி உறை பிடித்துக்கொள்ளும். கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடம்விட்டு வைக்க வேண்டும். காற்று போக வழியில்லாத இடத்தில் நீராவி தேங்கி, கட்லெட் நமுத்துப்போகும். ஐந்து பேர் வீட்டில் இது இரண்டு, மூன்று தவணை வேலைதான். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டு எடுப்பதே மேல்.

நம் பலகாரங்கள் ஒவ்வொன்றாக

கோலா உருண்டைதான் இந்தக் கருவிக்கு மதுரை கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பண்டம் என்று சொல்வேன். கொத்துக்கறியை வேகவைத்து, தண்ணீர் சுண்டவிட்டு, பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்து உருட்டுகிறோம். இதில் மாவில் தோய்ப்பதே கிடையாது. கறியிலும் தேங்காயிலும் கொழுப்பு இருக்கிறது. சூட்டில் அது வெளியே கசிந்து உருண்டையைத் தானே சிவக்க வைக்கும். பொட்டுக்கடலை மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு உடையாமல் காக்கும். உருண்டையின் மேல் விரலால் எண்ணெய் தடவி 180 டிகிரியில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் கொஞ்ச நேரத்தில் ஆகிவிடும். எண்ணெயில் பொரித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மேல் ஓடு கொஞ்சம் மெலிதாக இருக்கும். ஆனால் உள்ளே கறியின் மிருது அப்படியே நிற்கிறது. நேரத்தை நீட்டினால் அந்த மிருது போய் உதிரத் தொடங்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மசாலா தடவிய மீனும் அப்படியே. ராமேசுவரம், தூத்துக்குடியிலிருந்து வரும் கடல்மீனாக இருந்தாலும், கண்மாய் ஜிலேபி கெண்டையாக இருந்தாலும், நாம் வறுவலுக்குத் தடவுவது கெட்டியான விழுது. மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் அரிசி மாவு, அதோடு எண்ணெயையும் கலந்து பிசைந்து தடவினால் வழியாது. அரிசி மாவில் மைதாவில் இருப்பது போன்ற இழுவைப் புரதம் இல்லை. அதனால் அது ரப்பர் போல ஆகாமல் நறுக்கென்று காய்கிறது. கோழித் துண்டுக்கும் இதே விழுதுதான்; தயிர் ஒரு கரண்டி சேர்த்தால் அதிலுள்ள புரதமும் பால் சர்க்கரையும் நன்றாகச் சிவக்க உதவும்.

பருப்பு வடை நடுத்தரம். கடலைப் பருப்பைத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்தால் அந்த மாவு தன் உருவத்தில் நிற்கும்; இரண்டு பக்கமும் எண்ணெய் தடவினால் ஓரமெல்லாம் நன்றாக முறுகும். நடுப்பகுதி கொஞ்சம் வறண்டுதான் போகும். மெலிதாகத் தட்டினால் அந்தக் குறை குறையும். வெங்காயப் பக்கோடாவில் வெங்காயத்தை உப்புப் போட்டுப் பிசைந்து, அது விடும் நீரிலேயே மாவைச் சேர்த்து, கடைசியில் இரண்டு கரண்டி சூடான எண்ணெய் ஊற்றிப் பிசறினால், உதிரி உதிரியாகப் பரப்பி எடுக்கலாம். தண்ணீர் தெளித்துப் பிசைந்த மாவு என்றால் வேண்டாம்.

உளுந்த வடையை நான் இதில் செய்யச் சொல்ல மாட்டேன். உளுந்த மாவை ஆட்டி ஆட்டிக் காற்றேற்றி வைத்திருக்கிறோம். எண்ணெயில் விழுந்ததும் அந்தக் காற்று விரிந்து, ஓடு இறுகி, உள்ளே பஞ்சாக நிற்கிறது. சூடான காற்றில் அது மெதுவாகக் காய்ந்து, வறண்ட இட்லி போல வருகிறது. முள்ளு முருங்கை வடையும் அப்படித்தான். கீரையும் அரிசியும் சேர்த்து அரைத்துத் தட்டும் அந்த வடை, எண்ணெயில் பூரி போல உப்ப வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் ஒரே மூச்சில் ஆவியானால்தான் அந்த உப்பல் வரும். காற்றில் அந்த மூச்சு கிடையாது. சளி பிடித்தால் தேடித் தின்கிற அந்த வடையைச் சூடான தட்டையாக்கி ஏன் கெடுக்க வேண்டும்? போண்டாவும் இந்தப் பக்கம்தான்.

பஜ்ஜிக்கு ஒரு மாற்று உண்டு, ஆனால் அது வேறு பண்டம் என்று நினைத்துச் சாப்பிட வேண்டும். வாழைக்காய்ச் சீவலில் கெட்டியாகக் குழைத்த கடலை மாவு விழுதை மெலிதாகத் தடவுங்கள். விழுதிலேயே எண்ணெய் கலந்திருக்க வேண்டும். அதன் மேல் வறுத்த ரவையோ எண்ணெயில் கிளறிய ரஸ்க் தூளோ ஒட்டி, குளிர்பெட்டியில் இறுகவைத்து, முன்பே சூடாக்கிய கூடையில் வையுங்கள். மொறுமொறுப்பு வரும், வாழைக்காய் வேகும், கடலை மாவின் மணமும் இருக்கும். பஜ்ஜியின் அந்தப் புசுபுசுப்பு மட்டும் இருக்காது. கூடையில் ஒட்டாமல் இருக்க ஓட்டை போட்ட பேக்கிங் தாள் விரிக்கலாம்; ஆனால் பலகாரம் இல்லாமல் வெறும் தாளை வைத்துச் சூடாக்கக் கூடாது. விசிறி அதை மேலே தூக்கிக் கம்பிச்சுருளில் ஒட்டவைத்தால் தீப்பிடிக்கும்.

எண்ணெயும் மின்சாரமும்

ஏர் ஃப்ரையரால் கிடைக்கும் பெரிய ஆரோக்கிய லாபம், உணவில் குறையும் எண்ணெயோடு முடிவதில்லை. சட்டியில் மிஞ்சும் எண்ணெய் இல்லாமல் போவதும் அதில் சேர்த்திதான். வீட்டில் ஒரு தட்டுப் பஜ்ஜிக்கு அரை லிட்டர் எண்ணெய் காயவைக்கிறோம். மிஞ்சியதை வடிகட்டி வைத்து, மறுநாள் தாளிக்க, அடுத்த வாரம் அப்பளம் பொரிக்க என்று கடைசிச் சொட்டு வரைக்கும் பயன்படுத்துகிறோம். மறுபடி மறுபடி காயும் எண்ணெய் சிதைந்து, கருத்து, நுரைத்து, சிக்கு வாடை அடிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், சிதைந்த சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கட்லெட்டை முடித்துவிட்டால் மிஞ்சிய எண்ணெய் என்ற பிரச்சினையே எழுவதில்லை. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. ஆகவே அந்தக் கணக்கிலும் லாபம்தான்.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் முறுகவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மாச்சத்துள்ள பொருள்கள் 120 டிகிரிக்கு மேல் உலர்ந்து சிவக்கும்போது, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002இல் வெளியிட்டார்கள். எண்ணெயில் சிவந்தாலும் காற்றில் சிவந்தாலும் அது உருவாகும். பொன்னிறத்தில் நிறுத்துவது நல்லது. கருகிய ஓரத்தைத் தின்ன வேண்டாம். செக்கு எண்ணெய் விரும்புகிறவர்கள் 200 டிகிரி வரை ஏற்றாமல் இருப்பது நல்லது. சுத்திகரித்த எண்ணெயைவிட அது சீக்கிரம் புகையும்.

பழைய மதுரை வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவிகளில் பல 1,500 வாட் வரை இழுப்பவை. 230 வோல்ட்டில் அது 6.5 ஆம்பியர். மிக்ஸி செருகும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதில் நீட்டிப்பு ஒயர் வேறு போட்டு ஓட்டினால் சாக்கெட் உருகும். பெரிய பின் போடும் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். செலவைப் பொறுத்தவரை, இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடினாலும் அரை யூனிட்தான்.

கடைசியாக, இந்தக் கருவி எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்யும் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பலரும் முயன்று பார்ப்பதில்லை: கடையில் வாங்கி வந்து நமுத்துப்போன பஜ்ஜியையும் வடையையும் மீட்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு வந்து சேர்வதற்குள் பொட்டலத்துக்குள் நீராவி தேங்கி எல்லாம் தொய்ந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் தொய்யும். ஏர் ஃப்ரையரில் 160 டிகிரியில் நான்கைந்து நிமிடம் வைத்தால் ஓடு மறுபடி முறுகும். உறை முன்பே இறுகிவிட்டது, எண்ணெய் முன்பே ஏறிவிட்டது. காற்று செய்ய வேண்டியது மேலே ஏறிய ஈரத்தை விரட்டுவது மட்டும். கொஞ்சம் எண்ணெயும் கசிந்து அடித்தட்டில் இறங்கும். வாழைக்காய் பஜ்ஜியும் பருப்பு வடையும் இதற்கு மிகவும் பொருத்தம். மிளகாய் பஜ்ஜி இரண்டாகப் பிளந்துகொள்ளும், ஆனாலும் ருசியாக இருக்கும். உளுந்த வடையை மூன்று நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு கல்லாகிவிடும்.